வெட்டும் முன் வேரடியைப் பாருங்கள்

ஆம்ஸ்டர்டாம் நகரில், ஆன் ஃபிராங்க் ஒளிந்திருந்த வீட்டுக்குப் பின்புறத் தோட்டத்தில் ஒரு செஸ்நட் மரம் நின்றது. 1942 ஜூலை முதல் 1944 ஆகஸ்ட் வரை நாஜிகளுக்கு அஞ்சி மறைந்து வாழ்ந்த அந்தச் சிறுமிக்கு, மாடிச் சன்னல் வழியே தெரிந்த வெளியுலகம் வானமும் அந்த மரமும்தான். தன் நாட்குறிப்பில் மூன்று இடங்களில் அதைப் பற்றி எழுதியிருக்கிறார். அறுபது ஆண்டுகள் கழித்து மரத்தின் அடிப்பகுதியைப் பூஞ்சை அரித்தது. சாய்ந்தால் ஆபத்து என்று நகராட்சி முடிவெடுத்து, 2007 நவம்பரில் வெட்டுவதற்கு நாள் குறித்தது. மரத்தை நேசித்தவர்கள் நீதிமன்றம் போனார்கள். வெட்டுவதற்கு முந்தைய நாள் தடை கிடைத்தது. 2008இல் இரும்புச் சட்டம் அமைத்து மரத்துக்கு முட்டுக்கொடுத்தார்கள். 2010 ஆகஸ்ட் 23 அன்று அடித்த காற்றில், தரையிலிருந்து சுமார் ஒரு மீட்டர் உயரத்தில் மரம் முறிந்து, இரும்புச் சட்டத்தையும் இழுத்துக்கொண்டு சாய்ந்தது. யாருக்கும் காயமில்லை.

வெட்டச் சொன்னவர்களுக்கு இது தங்கள் எச்சரிக்கை பலித்த கதை. தடுத்தவர்களுக்கோ, மரம் இன்னும் மூன்று வசந்தங்களைப் பார்த்த கதை. முதிய மரங்களைப் பரிசோதிப்பதையே வேலையாகக் கொண்ட எனக்கு, இதில் முக்கியமாகப் படுவது ஒன்றுதான்: மரம் விழுந்தபோது, விழுந்த இடத்தில் ஆள் இல்லை. வரலாற்றுச் சின்னங்களிலும் கோயில் வளாகங்களிலும் நிற்கும் பழைய மரங்களைப் பாதுகாப்புக் காரணம் காட்டி வெட்ட முனையும்போது நாம் முதலில் கேட்க வேண்டிய கேள்வி அங்கேதான் இருக்கிறது. இது விழுமா என்று எல்லோரும் கேட்கிறோம். விழுந்தால் யார் மேல் விழும் என்று கேட்பவர் குறைவு.

பட்டம் மரத்தைத் தாங்காது

மரம் வெட்டக் கூடாது என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்துவிட முடியாது. 2022 ஜூலை 8 அன்று சண்டீகரில், ஒரு பள்ளி வளாகத்தில் நின்ற சுமார் 250 ஆண்டு வயதுள்ள அரச மரம், மதிய உணவு இடைவேளையில் பிள்ளைகள் மீது சாய்ந்தது. ஒரு மாணவி உயிரிழந்தார், பலர் காயமடைந்தனர். அந்த நகரம் உருவாவதற்கு வெகுகாலம் முன்பே வேர்பிடித்த மரம் அது; பாரம்பரிய மரமாக அறிவிக்கப்பட்டிருந்தது. அந்தப் பட்டம் மரத்தின் வேரையோ அடிமரத்தையோ வலுப்படுத்திவிடவில்லை.

ஆகவே, ஆபத்துக்கு இரண்டு பாதிகள் உண்டு. மரம் முறிவதற்கான வாய்ப்பு ஒரு பாதி. அதன் கீழே மனிதரோ கட்டடமோ இருக்கும் வாய்ப்பு மறுபாதி. ஆளரவமற்ற கோட்டை அகழியின் ஓரத்தில் உளுத்து நிற்கும் மரத்தால் யாருக்கும் தீங்கில்லை. ஆண்டு முழுவதும் நூறு பேர் வரிசையில் நிற்கும் இடத்தில் நன்றாக இருக்கும் மரத்தின் ஒரு பட்ட கிளைகூட உயிரை வாங்கும். மரத்தை மாற்றுவது கடினம். அதன் கீழே இருப்பவற்றை மாற்றுவது எளிது. நாம் பெரும்பாலும் கடினமானதை முதலில் செய்கிறோம். காரணம், கோடரி ஒரே நாளில் வேலையை முடித்துவிடுகிறது. அதற்குப் பிறகு யாரும் எதற்கும் பொறுப்பேற்க வேண்டியதில்லை.

தா புரோம் கற்றுத்தருவது

கல்லும் மரமும் ஒன்றையொன்று விடாமல் பற்றிக்கொண்டிருக்கும் இடம் கம்போடியாவின் அங்கோர் பகுதியில் உள்ள தா புரோம். ஏழாம் ஜெயவர்மன் தன் தாயை நினைந்து 1186இல் எழுப்பிய பௌத்த ஆலயம். பின்னாளில் கைவிடப்பட்டு, காடு அதன் மேல் ஏறியது. இருபதாம் நூற்றாண்டில் பிரெஞ்சு ஆய்வாளர்கள் அங்கோரின் மற்ற கோயில்களில் மரங்களை அகற்றிச் சீரமைத்தபோது, தா புரோமை மட்டும் பெருமளவு கண்டெடுத்த நிலையிலேயே விட்டுவைத்தார்கள். அங்கே கூரைமீது நின்று, சுவர்வழியே வேரை வடியவிட்டிருக்கும் பெருமரங்கள் பல டெட்ராமெலஸ் என்ற இனத்தைச் சேர்ந்தவை; நம் மேற்குத் தொடர்ச்சி மலையின் காடுகளிலும் அந்த இனம் உண்டு. அத்தி, ஆல் குடும்பத்தைச் சேர்ந்த மரங்களும் கல்லைக் கவ்வி நிற்கின்றன.

அங்கோர் 1992இல் உலகப் பாரம்பரியச் சின்னமானது. அங்கோர் வாட்டில் 1986 முதல் 1993 வரை பணியாற்றிய இந்தியத் தொல்லியல் துறை, பின்னர் தா புரோமின் சீரமைப்பையும் ஏற்றது. டேராடூன் வன ஆராய்ச்சி நிறுவனம் மரங்களைப் பார்த்தது. கட்டமைப்பையும் மண்ணையும் ஆராயும் பணியில் சென்னை ஐஐடியும் பங்கேற்றது. அங்கே அவர்கள் எதிர்கொண்ட புதிரை ஒவ்வொரு கோயில் நிர்வாகியும் தெரிந்துகொள்வது நல்லது. வேர் உள்ளே நுழைந்து கல்லைப் பிளக்கிறது. அதே வேர், நாளடைவில், பிளந்த கற்களைக் கூடைபோல் பின்னித் தாங்கிக்கொண்டும் நிற்கிறது. மரம் கல்லை வீழ்த்துகிறது என்று வெட்டினால், சில ஆண்டுகளில் வேர் மக்கும். அது பிடித்திருந்த கல் சரியும். வெட்டாமல் விட்டால், ஒரு புயலில் மரம் சாய்ந்து சுவரையும் பெயர்த்துக்கொண்டு போகும்.

இதற்கு ஒட்டுமொத்தமான தீர்வு கிடையாது என்று அவர்கள் ஏற்றுக்கொண்டதுதான் அந்தப் பணியின் சிறப்பு. ஒவ்வொரு மரமாகப் பார்த்தார்கள். தேவைப்பட்ட இடத்தில் முட்டுக்கொடுத்தார்கள். பார்வையாளர்கள் வேரை மிதிக்காமலும் ஆபத்தான இடத்தில் நிற்காமலும் இருக்க மரப்பலகையால் நடைமேடைகளும் நின்று பார்க்கும் தளங்களும் அமைத்தார்கள். மரத்தைத் தொடாமல், மனிதர் நடக்கும் வழியை மாற்றினார்கள். பாதிப் பாதுகாப்பு அதிலேயே கிடைத்துவிட்டது.

ஓர் இலுப்பையின் கதை

இங்கே நம் ஊரில் நடப்பது என்ன? காவிரிக் கரையில் ஒரு பழைய சிவன் கோயில். வெளிப்பிரகாரத்தில் மூன்று பேர் கைகோத்தால்தான் கட்டிப்பிடிக்க முடிகிற இலுப்பை மரம். விளக்கெரிக்க இலுப்பை எண்ணெய் வேண்டும் என்பதற்காகக் கோயில்களே தோப்பு வளர்த்த காலத்தின் மிச்சம் அது. ஓர் ஐப்பசி மழையில் பெரிய கிளை ஒன்று முறிந்து செருப்புக் காப்பகத்தின் கூரையில் விழுந்தது. அடுத்த வாரமே மரத்தை எடுத்துவிடுவது என்று பேச்சு எழுந்தது. பார்த்துச் சொல்லுங்கள் என்று என்னை அழைத்திருந்தார்கள்.

மரத்தடிக்குப் போனதும் முதலில் கண்ணில் பட்டது, மரம் கம்பம்போல் தரையிலிருந்து நேராக எழுந்து நின்றது. நல்ல மரம் அப்படி நிற்காது. அடியில் யானைக்கால்போல் விரிந்து, வேர்கள் நாலாபுறமும் இறங்குவது தெரிய வேண்டும். தெரியவில்லை என்றால் அடி புதைந்திருக்கிறது என்று பொருள். கடப்பாரையால் ஓரிடத்தில் சிமென்ட் தளத்தைப் பெயர்த்துப் பார்த்தோம். ஒன்றரை அடிக்குக் கீழேதான் வேரடி இருந்தது. பட்டை ஊறிப்போய், நகத்தால் கீறினால் உரிந்தது. தெற்குப் பக்கம் மழைநீர் வடிகாலுக்காகத் தோண்டியபோது, தொடைப் பருமனுள்ள இரண்டு வேர்களை அறுத்திருந்தார்கள். வடக்குப் பக்கம் அடிமரத்தை ஒட்டி அகல்விளக்கு ஏற்றி ஏற்றிப் பட்டை கருகி, உள்கட்டை வெளியே தெரிந்தது.

அங்கே பூக்கட்டிக்கொண்டிருந்த அம்மா சொன்னார்: “சின்ன வயசுலேர்ந்து இதுங்கீழதான் சார் உக்காந்து கட்டுறேன். தளம் போட்டதுக்கப்பறம்தான் எல சிறுத்துப்போச்சு. அப்பறம் மேல கொம்பு காஞ்சுது.” நான் எழுத வேண்டிய அறிக்கையின் சாரத்தை அவர் மூன்று வாக்கியங்களில் சொல்லி முடித்துவிட்டார். இலை சிறுப்பது வேர் மூச்சுத்திணறுவதன் முதல் அடையாளம்; நுனிக் கிளைகள் காய்வது அடுத்தது. மரத்தின் வேர்களில் பெரும்பகுதி மேல்மண்ணில் இரண்டடி ஆழத்துக்குள்தான் இருக்கிறது. அது கிளைகளின் நிழலையும் தாண்டிப் படர்ந்திருக்கும். அந்த மண்ணுக்குள் காற்றும் நீரும் போகாதபடி சிமென்டால் மூடிவிட்டு, சில ஆண்டுகள் கழித்து மரம் ஆபத்தானது என்று சொல்கிறோம். நாம் பார்த்து ஆபத்தாக்கிய மரம் அது.

அந்த இலுப்பைக்குச் செய்தது பெரிய வைத்தியம் ஒன்றுமில்லை. அடிமரத்திலிருந்து பன்னிரண்டடி தூரம்வரை தளத்தை எடுத்து, மூடியிருந்த மண்ணைக் கையால் விலக்கி, வேரடியை வெளிக்கொணர்ந்தோம். காய்ந்த கிளைகளை மட்டும் கவாத்து செய்தோம். செருப்புக் காப்பகம் எதிர்ப்புறம் போனது. விளக்கேற்ற ஐந்தடி தள்ளி ஒரு கல்மேடை வைத்தார்கள். காற்றும் மழையும் உள்ள நாள்களில் அந்தப் பக்கம் கயிறு கட்டி வழியை மறிப்பது என்று முடிவானது. மரம் இன்றும் நிற்கிறது. நாளை அது விழவே விழாது என்று நான் எழுதிக்கொடுக்க மாட்டேன். விழக்கூடிய நாளில் அதன் கீழே ஆள் இருக்க மாட்டார்கள் என்று சொல்லலாம்.

பொந்தும் வைரமும்

மரத்தில் பொந்து விழுந்துவிட்டது, வெட்டிவிடலாம் என்பது நான் அதிகம் கேட்ட வாதம். முதிய மரத்தின் நடுக்கட்டை உயிருள்ள பகுதி அல்ல. பட்டைக்கு அடியிலுள்ள வெளிறுதான் நீரைக் கடத்துகிறது. உள்ளே இருக்கும் வைரம் தாங்குவதற்கு மட்டுமே. நடுவே குழலாகிப்போன மூங்கில் காற்றை எதிர்கொள்வதுபோல, உள்ளே கூடான மரமும் பல காலம் நிற்க முடியும். துறைசார்ந்தவர்கள் ஒரு தோராயக் கணக்கு வைத்திருக்கிறோம்: அடிமரத்தின் ஆரத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அளவுக்குச் சுற்றிலும் நல்ல கட்டை இருந்தால் கவலை குறைவு. மையத்திலிருந்து பட்டைவரை ஓரடி என்றால், நாலு அங்குலக் கனத்துக்கு உறுதியான கட்டை வேண்டும். பொந்தின் வாய் அகலமாக இருந்தாலோ, மரம் சாய்ந்திருந்தாலோ, வேர் அழுகியிருந்தாலோ இந்தக் கணக்கு செல்லாது.

இதை அறியக் கொட்டாப்புளியால் தட்டிக் காதுகொடுத்துக் கேட்பதில் தொடங்கலாம். திடமான கட்டையும் கூடான கட்டையும் எழுப்பும் ஒலி வேறு. அதற்கு மேல், அடிமரத்தைச் சுற்றி உணரிகளைப் பொருத்தி, ஒலியலை உள்ளே போகும் வேகத்தைக்கொண்டு குறுக்குவெட்டுப் படம் எடுக்கும் கருவி உண்டு. மெல்லிய ஊசியைச் செலுத்திக் கட்டையின் எதிர்ப்பை அளக்கும் கருவியும் உண்டு. பொந்தைவிட என்னை அதிகம் அச்சுறுத்துபவை மூன்று: வேரடியில் முளைக்கும் காளான், கவையில் பிளவு, சாய்ந்த மரத்தின் எதிர்ப்பக்கத்தில் மண் புதிதாக வெடித்திருப்பது. இவற்றைக் கண்டால் நாள் கடத்தக் கூடாது.

இன்னொரு வழக்கத்தையும் கைவிட வேண்டும். பாதுகாப்பு என்ற பெயரில் மரத்தை மொட்டையடிப்பது. தலை போன மரம் உயிர்பிழைக்கப் பக்கவாட்டில் அவசரமாகக் கொத்துக்கொத்தாகக் கிளைவிடும். அவை கட்டையின் மேல்தோலில் ஒட்டிக்கொண்டிருப்பவை, உறுதியற்றவை. வெட்டுவாய் வழியே அழுகல் கீழே இறங்கும். நாலைந்து ஆண்டுகளில் அந்த மரம் முன்பைவிட ஆபத்தாகிவிடும். அப்போது வெட்டுவதற்குப் புதிதாக ஒரு காரணம் கிடைக்கும்.

இதே கண்டிப்போடு மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். கோபுரத்திலும் விமானத்திலும் பறவை எச்சத்தால் முளைக்கும் ஆலையும் அரசையும் பார்த்துப் பாவம் பார்க்கக் கூடாது. விரல் பருமனில் இருக்கும்போதே எடுத்துவிட வேண்டும். கை பருமனானால் கல்லைக் கழற்றாமல் வேரை எடுக்க முடியாது. அந்தச் செடியை ஆண்டுதோறும் எடுப்பதும் தரையில் நிற்கும் முதிய மரத்தைக் காப்பதும் ஒரே பராமரிப்பின் இரண்டு கைகள்.

வெட்டித்தான் ஆக வேண்டுமென்றால்

சில மரங்களை வெட்டித்தான் ஆக வேண்டும். வழியையும் மாற்ற முடியவில்லை, பளுவைக் குறைத்தும் பயனில்லை என்றால், மனித உயிருக்கு முன்னால் மரம் பின்னால்தான். அந்த முடிவைச் சொல்ல நான் தயங்கியதில்லை. ஆனால் வரலாற்றுத் தலத்தில் மரம் வெட்டும் முறை வேறு. மொத்தமாகச் சாய்க்கக் கூடாது. மேலிருந்து துண்டு துண்டாகக் கயிற்றில் இறக்க வேண்டும். அடிவேரைப் பொக்லைன் வைத்துத் தோண்டக் கூடாது. அதன் அடியில் பழைய அடித்தளமோ, இன்னும் அகழாத தொல்லியல் மண்ணடுக்கோ இருக்கலாம். தரைமட்டத்தில் அறுத்துவிட்டு, வேர் மக்கும் காலம்வரை சுவரைக் கண்காணித்து, வெற்றிடத்தைச் சுண்ணாம்புக் காரையால் நிரப்பிக்கொண்டே வர வேண்டும். ஆளில்லாத ஓரமாக இருந்தால், பத்தடி உயரத்துக்கு அடிமரத்தை விட்டுவைக்கலாம். ஆந்தைக்கும் கிளிக்கும் மரங்கொத்திக்கும் அது வீடாகும்.

மரத்தின் ஒரு பகுதியை இழந்தும் மரத்தைக் காக்க முடியும் என்பதற்கு ஹௌராவில் உள்ள தாவரவியல் பூங்காவின் பெரிய ஆலமரம் சாட்சி. 1864, 1867 ஆண்டுகளின் புயல்களில் அடிபட்டு, பூஞ்சை பிடித்த அதன் தாய்மரத்தை 1925இல் வெட்டி எடுத்தார்கள். இன்று தாய்மரம் இல்லாமலேயே மூவாயிரத்துக்கும் மேற்பட்ட விழுதுகளில் அது ஒரு காடாக நிற்கிறது. சென்னை அடையாறு பிரம்மஞான சபையின் ஆலமரம் 1989 புயலில் தாய்மரத்தை இழந்தது. விழுதுகள் அதைத் தாங்கி வாழவைத்துக்கொண்டிருக்கின்றன.

இறந்த மரத்தை மதிக்கவும் நமக்குத் தெரியும். மதுரை மீனாட்சியம்மன் கோயிலில், அந்தத் தலத்துக்கே கடம்பவனம் என்ற பெயரைத் தந்த கடம்பின் உலர்ந்த அடிமரம் இன்றும் காக்கப்படுகிறது. சிதம்பரத்துக்குத் தில்லை, திருவானைக்காவலுக்கு வெண்ணாவல், காஞ்சி ஏகாம்பரநாதருக்கு மா என்று மரத்தைக்கொண்டே ஊரையும் இறைவனையும் அடையாளம் கண்ட மரபு நம்முடையது. அந்த மரபில், தலமரத்தடியில் சிமென்ட் தளத்துக்கு இடம் இருந்ததில்லை.

இனிச் செய்ய வேண்டியவை

தமிழ்நாட்டில் பொது இடத்து மரத்தை வெட்ட மாவட்டப் பசுமைக் குழுவின் அனுமதி வேண்டும். நல்ல ஏற்பாடு. ஆனால் விண்ணப்பம் வரும்போது மரம் ஏற்கெனவே பாதி இறந்திருக்கிறது. குழுவின் முன் வெட்டலாமா கூடாதா என்ற கேள்வி மட்டுமே எஞ்சியிருக்கிறது. கேள்வி அதற்கு முன்பே எழ வேண்டும்.

ஒவ்வொரு வரலாற்றுத் தலமும், பழைய கோயிலும் தன் மரங்களுக்கு எண்ணிட்டு, சுற்றளவும் நிழற்படமும் கொண்ட பதிவேடு வைத்திருக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழைக்கு முன், புரட்டாசிக்குள், தகுதியுள்ள ஒருவர் ஒவ்வொரு மரத்தையும் பார்த்து எழுத்தில் அறிக்கை தர வேண்டும். அது ஊர்மக்கள் படிக்கும்படி வாசலில் ஒட்டப்பட வேண்டும். வெட்டுவதற்கான அறிக்கையில், கீழே இருப்பவற்றை இடம்மாற்றிப் பார்த்தீர்களா, பளுவைக் குறைத்துப் பார்த்தீர்களா என்ற இரண்டு கேள்விகளுக்கும் பதில் இல்லையென்றால் அதைத் திருப்பியனுப்ப வேண்டும். திருப்பணி மதிப்பீட்டில் கல்லுக்கும் சுதைக்கும் வண்ணத்துக்கும் தொகை ஒதுக்குவதுபோல் மரத்துக்கும் ஒரு வரி இருக்க வேண்டும். முதிய மரத்தின் விதையிலிருந்தோ போத்திலிருந்தோ வளர்த்த வாரிசு மரத்தைப் பத்தாண்டு முன்பே அருகில் நட்டுவைக்க வேண்டும். ஆன் ஃபிராங்கின் மரம் போய்விட்டது. அதன் விதையில் பிறந்த கன்றுகள் பல நாடுகளில் வளர்ந்துகொண்டிருக்கின்றன. முன்கூட்டியே விதை சேர்த்தவர்கள் இருந்ததால்தான் அது முடிந்தது.

இவற்றைச் செய்ய ஆள் எங்கே என்று கேட்கலாம். தொல்லியல் துறைக்குத் தோட்டக்கலைப் பிரிவு இருக்கிறது. கோவையில் வன மரபியல், மர இனப்பெருக்க நிறுவனம் இருக்கிறது. மேட்டுப்பாளையத்தில் வனக் கல்லூரி இருக்கிறது. ஆண்டுக்கு முப்பது இளைஞர்களுக்கு மரப் பரிசோதனையில் பயிற்சி கொடுத்தாலும், சில ஆண்டுகளில் மாவட்டத்துக்கு ஒருவராவது கிடைத்துவிடுவார். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையில் பல்லாயிரம் மரங்களைச் சாய்த்த பிறகும் இந்தப் பணியை நாம் தொடங்கவில்லை.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை உங்கள் ஊர்க் கோயிலுக்கோ கோட்டைக்கோ போகும்போது, அங்கே நிற்கும் பழைய மரத்தின் அடியில் ஒரு நிமிடம் நின்று கீழே பாருங்கள். வேரடி தெரிகிறதா, மண் தெரிகிறதா, சிமென்ட் தெரிகிறதா? சிமென்ட் தெரிந்தால் நிர்வாகத்துக்கு ஒரு மனு எழுதுங்கள். அந்தத் தளத்தை எடுக்க இரண்டு ஆள், ஒரு கடப்பாரை, ஒரு நாள் போதும். அந்த மரத்தை மறுபடி வளர்க்க இருநூறு ஆண்டுகள் வேண்டும்.

*- கட்டுரையாளர், தாவரவியலாளர். முதிய மரங்களின் நலனைப் பரிசோதிப்பவர்.*